சுறாவின் நாசி

மலாக்கா மாநிலத்தின் தென்மேற்கு எல்லை முழுவதும் கடலே. வடமேற்கே லிங்கி ஆற்றின் முகத்திலிருந்து தென்கிழக்கே கெசாங் ஆற்றின் முகம் வரையில் நீண்டு கிடக்கும் அக்கரையிலிருந்து, மாநிலத்தின் எந்தத் தோட்டமும் எட்டாத் தொலைவில் இல்லை. ஆயினும், 1896-ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனப் பிரமுகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டு, பின்னர் புக்கிட் அசஹானில் அதைப் பெருந்தோட்டமாக விரித்த காலந்தொட்டு, இந்நிலத்தில் பால் மரம் சீவ வந்த நம் முன்னோரில் பெரும்பாலோர் தமிழகத்தின் உள்நாட்டு ஜில்லாக்களைச் சேர்ந்த உழவர் குடியினர். நாகப்பட்டினத்தில் கப்பலேறும் நாள் வரையில் கடலைக் கண்ணால் கண்டிராதவர் அவர்களில் பலர். கடலைக் கடந்து வந்தவர்களேயன்றி, கடலோடு வாழ்ந்தவர்கள் அல்லர் அவர்கள்.

ஆதலால் சுறா என்னும் பிராணி அவர்களுக்கு இரண்டே வடிவங்களில் அறிமுகமாகியிருந்தது. ஒன்று, தோட்டத்துக் கடையில் தொங்கிய கருவாடு. மற்றொன்று, பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டுமென்று லயத்துப் பாட்டிமார்கள் பக்குவமாகக் கிண்டிக் கொடுத்த சுறாப்புட்டு. பின்னாளில், 1975-இல் வெளிவந்த ‘ஜாஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படமும் அதன் வழியில் வந்த எண்ணற்ற கதைகளும் மூன்றாவதொரு வடிவத்தைக் காட்டின: எங்கோ ஒரு சொட்டு இரத்தம் நீரில் விழுந்தாலும் பல மைல்களுக்கு அப்பாலிருந்தே அதை முகர்ந்து, வெறிகொண்டு ஓடிவரும் அரக்கனாகச் சுறா நம் பிள்ளைகளின் மனத்தில் குடியேறிற்று. ஆகாரமாகவும் பயமாகவும் மட்டுமே நாம் பழகிவிட்ட இப்பிராணியை அறிவைக் கொண்டும் ஒருமுறை அணுகிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் மீனவர் வலைகளில் அடிக்கடி சிக்குவது, மலாய்க்காரர் ‘யூ சிச்சாக்’ என்று அழைக்கும் சிறு சுறா. கையளவே நீளமான குட்டிப் பருவத்தில் கறுப்பும் வெள்ளையுமான பட்டைகளோடு அழகாக இருந்து, வளர்ந்தபின் பட்டைகள் மங்கி, பழுப்பு நிறமாகிவிடும் வகை ஒன்றும் இதில் உண்டு. மீன் கடையில் இத்தகைய சுறா ஒன்றைக் காணும் வாசகர், கடைக்காரரிடம் சொல்லி அதன் தலையை மல்லாத்திப் பார்ப்பாராக. முகத்தின் அடிப்புறத்தில், வாய்க்குச் சற்று முன்னால், இருபுறமும் இரண்டு துவாரங்கள் இருக்கும்; ஒவ்வொன்றின் அருகிலும் மெல்லிய மீசை ஒன்று தொங்கும்; துவாரத்தின் குறுக்கே தோல்மடல் ஒன்று படிந்து அதை இரு கூறாகப் பிரித்திருக்கும். ஒரு கூற்றின் வழியே நீர் உட்புகுந்து, மறு கூற்றின் வழியே வெளியேறும். கத்தி கொண்டு அத்துவாரத்தைப் பிளந்தால், உள்ளே சிறு பை ஒன்றும், அப்பையின் நடுவே ஓடும் வரம்பின் இருமருங்கிலும் மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதும் தெரியும். தகடு ஒவ்வொன்றிலும் மேலும் நுண்ணிய மடிப்புகள் உண்டு. சிறிய இடத்துக்குள் பெரிய பரப்பை மடித்து வைப்பதற்கு இயற்கை கண்ட உபாயம் இது. அப்பரப்பின் மீதுதான் வாசனையை உணரும் உயிரணுக்கள் பரவியிருக்கின்றன.

மனிதருக்கு நாசி சுவாசத்துக்கும் முகர்தலுக்கும் பொதுவானது. சுறாவுக்கோ சுவாசம் செவுள்களின் காரியம்; நாசிப் பை தொண்டையோடு சேராமல் தனித்து, முகர்தல் ஒன்றையே தொழிலாகக் கொண்டிருக்கிறது. கடலின் நடுவே இடைவிடாது நீந்தும் சுறாக்களுக்கு, முன்னேறிச் செல்லும் வேகத்தினாலேயே புதிய நீர் நாசிக்குள் பாய்ந்துகொண்டிருக்கும். பகலெல்லாம் அடித்தளத்தில் அசையாது கிடந்து இரவில் இரை தேடும் யூ சிச்சாக் போன்றவற்றுக்கு அவ்வசதி இல்லை. அதற்கு ஈடாகவே, நாசித் துவாரத்தையும் வாயையும் இணைக்கும் பள்ளம் ஒன்று முகத்தின் வெளித்தோலில் அமைந்திருக்கிறது. சுவாசத்துக்காக வாய் நீரை இழுக்கும்போது, அந்த இழுப்பிலேயே நாசியின் வழியும் நீர் ஓடுகிறது. உறங்குவது போலக் கிடக்கும்போதும் அதன் நாசி விழித்திருக்கிறது என்பது இதன் பொருள்.

இந்த நாசி எதை முகர்கிறது? வெறும் இரத்தத்தை அன்று. உயிருள்ள ஒவ்வொரு பிராணியின் சரீரத்திலிருந்தும், செத்த உடலிலிருந்து இன்னும் அதிகமாகவும், புரதத்தின் அங்கங்களான அமினோ அமிலங்கள் நீரில் கரைந்து வெளிப்படுகின்றன. சுறாவின் நாசிக்கு முக்கியமான செய்தி அவைதாம். இவற்றை எவ்வளவு சிறிய அளவில் சுறா உணரும் என்பதைப் புளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திரிஷா மெரிடித், ஸ்டீபன் கஜியூரா என்னும் இரு விஞ்ஞானிகள், சுறா, திருக்கை இனங்கள் ஐந்தினைக் கொண்டு பரிசோதித்து 2010-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கண்ட எல்லையை எளிய கணக்கில் சொல்வதானால், ஏறக்குறைய பத்துக் கோடிப் பங்கு நீரில் ஒரு பங்கு என்பது முதல், மிகக் கூர்மையான நிலையில் ஆயிரம் கோடிப் பங்கில் ஒரு பங்கு என்பது வரையில் அமையும். இது அற்புதமான சக்தியே. ஆனால் சாதாரண மீன்களின் மோப்ப சக்தியும் இதே அளவினது என்பதையும் அவ்வாராய்ச்சி கூடவே எடுத்துக்காட்டிற்று.

ஒரு பெரிய ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் 25 இலட்சம் லிட்டர் நீர் இருக்கும். அதில் விழும் ஒரு சொட்டு இரத்தம், ஏறக்குறைய ஐயாயிரம் கோடிப் பங்கில் ஒரு பங்கு. அந்தச் சொட்டிலும் அமினோ அமிலங்கள் மிகச் சொற்பம். ஆகவே, குளத்தில் விழுந்த ஒற்றைச் சொட்டை மறுகோடியிலிருந்து சுறா முகர்ந்துவிடும் என்று நாம் கேட்டு வளர்ந்த கதை, கணக்கின் முன் நிற்காது.

இதைவிடக் கூரிய நாசியை இயற்கை ஏன் சுறாவுக்கு அளிக்கவில்லை என்று கேட்கலாம். விடை கடல்நீரிலேயே இருக்கிறது. எண்ணற்ற உயிர்கள் பிறந்து மடியும் சமுத்திரத்தில் அமினோ அமிலங்கள் எங்கும் எப்போதும் சிறிதளவு கரைந்தே இருக்கின்றன. சுறாவின் உணர்வெல்லையும் ஏறக்குறைய அந்தப் பொது அளவிலேயே நிற்கிறது. கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும் குவிந்து கிடக்கும் கித்தா (ரப்பர்) ஸ்டோரில் ஆண்டுக்கணக்காக வேலை செய்தவருக்கு அந்த வாடை தெரிவதேயில்லை. ஆனால் அங்கே எங்கேனும் புகை கிளம்பினால் முதலில் முகர்ந்தறிபவரும் அவரே. அதுபோலவே, எங்கும் நிறைந்த பொது வாசனையைத் தள்ளிவிட்டு, அதற்கு மேல் எழும் புதிய வாசனையைப் பற்றிக்கொள்ளும் நாசியே சுறாவுக்குப் பயன்படும். எல்லாவற்றையும் எப்போதும் முகர்ந்துகொண்டிருக்கும் நாசி, ஒன்றையும் அறிவிக்காத நாசியாகிவிடும்.

இனி, முகர்ந்த வாசனை எத்திசையிலிருந்து வந்தது என்று அறிவதெப்படி? இங்கேதான் சுறாவின் சாமர்த்தியம் முழுமையாக வெளிப்படுகிறது. அசைவற்ற நீரில் கரைந்த பொருள் தானாகப் பரவி ஒரு மீட்டர் தூரம் செல்வதற்கே பல ஆண்டுகள் ஆகும். வாசனையைச் சுமந்து செல்வது நீரோட்டமே. ஆகையால், ஓட்டம் செல்லும் பக்கத்தில் இருக்கும் சுறாவுக்குத்தான் செய்தி எட்டும். ஓட்டம் வரும் பக்கத்தில் மிக அருகிலேயே இருந்தாலும் எட்டாது. நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வடியும் மலாக்கா நீரிணையின் ஓதத்தில், ஓட்டத்தின் திசையே மணிக்கணக்கில் மாறிக்கொண்டிருக்கும். ஆறுகள் கொணர்ந்து தள்ளும் வண்டலினால் கரையோர நீரோ கலங்கி நிற்கும். கண்ணுக்கு அங்கே அதிக வேலையில்லை. அத்தகைய நீரில் வாசனை ஒரே சீரான இழையாக வருவதில்லை. சுழல்களில் சிக்கிச் சிதறி, இங்கொரு திரள், அங்கொரு வெறுமை என்று குழம்பி வருகிறது. எப்புறம் வாசனை அதிகமோ அப்புறம் திரும்புவது என்னும் எளிய விதியைச் சுறா பின்பற்றுமானால், அச்சுழல்களிடையே வழிதவறி அலைய நேரிடும்.

அமெரிக்க உயிரியல் அறிஞர் ஜி. எச். பார்க்கர் 1914-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு துப்பு அளித்தார். சிறு சுறாக்களின் ஒருபக்க நாசியை அடைத்துவிட்டு அவர் கவனித்தபோது, இரையின் வாசனை கிடைத்ததும் அவை திறந்திருந்த நாசியின் பக்கமாகவே திரும்பித் திரும்பி வட்டமிட்டன. இரு நாசிகளும் சேர்ந்தே திசையை உணர்த்துகின்றன என்பது அதனால் தெளிவாயிற்று. அவை எதை ஒப்பிடுகின்றன என்னும் கேள்விக்கோ ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்தே விடை கிடைத்தது. ஜெய்ன் கார்டினர், எல்லே ஆத்தெமா என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், சுறாக்களின் தலையில் சிறு குழாய்களைப் பொருத்தி, வலது நாசிக்கும் இடது நாசிக்கும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு அளவில் வாசனையைச் செலுத்திப் பார்த்து, 2010-இல் தம் முடிவை வெளியிட்டனர். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு முதல் அரை விநாடி வரையில் முந்தி வாசனை எப்பக்க நாசியை அடைந்ததோ, அப்பக்கமே சுறா திரும்பிற்று; பிந்தி வந்த பக்கத்தில் வாசனை அதிக அடர்த்தியாக இருந்தபோதும் அது ஏமாறவில்லை. இடைவெளி ஒரு விநாடியை எட்டியபோது அந்தத் திசையுணர்வு அற்றுப்போயிற்று. சுறாவின் நாசி, ஆக, அளவை நிறுப்பதோடு காலத்தையும் கணிக்கிறது.

இவ்வுண்மையைக் கொண்டு பார்க்கும்போது, கொம்பன் சுறாக்களின் சுத்தியல் போன்ற விநோதமான தலைக்கு ஒரு காரணம் புலப்படுகிறது. நாசிகள் இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ, அவ்வளவுக்கு ஒரே வாசனை அவற்றை அடையும் நேர வித்தியாசமும் அதிகரிக்கும், திசையறிவும் நுட்பமாகும். நம் பிராந்தியத்துக் கரையோரக் கடல்களில் வாழும் சிறகுத்தலைக் கொம்பன் என்னும் இனத்தில், தலையின் அகலம் உடல் நீளத்தில் ஏறக்குறைய பாதியாகவும், நாசித் துவாரம் ஒவ்வொன்றும் வாயைக் காட்டிலும் அகன்றதாகவும் அமைந்திருக்கின்றன. ஆனால், மேற்சொன்ன மெரிடித், கஜியூரா பரிசோதனையில் கொம்பன் குடும்பத்துச் சுறா ஒன்றின் நாசி மற்றவற்றைவிடக் கூர்மையாக இருக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதன் அனுகூலம் முகர்வதில் அன்று. முகர்ந்ததன் திசையைத் தீர்மானிப்பதில் என்று கொள்வதே பொருந்தும்.

நாசி ஒன்றே சுறாவின் சர்வமும் அன்று. வாசனை அழைப்புக் கொடுக்கிறது. நீரின் அசைவை உணரும் பக்கக்கோடு ஓட்டத்தை எதிர்த்துச் செல்ல உதவுகிறது. அருகில் வந்ததும் கண் கை கொடுக்கிறது. கடைசிச் சில அங்குலங்களில், இரையின் தசைகளிலிருந்து எழும் மிகச் சிறிய மின்சாரத்தை முகத்திலுள்ள நுண்துளைகள் கண்டுகொள்கின்றன. 1678-ஆம் ஆண்டில் இத்துளைகளை விவரித்த ஸ்தெஃபானோ லோரன்சினி என்னும் இத்தாலியரின் பெயரே அவற்றுக்கு இன்றும் வழங்குகிறது. கார்டினரும் அவர் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஒவ்வொரு புலனாக மறைத்துப் பார்த்தபோது, சில சுறாக்கள் ஒரு புலன் போனால் மற்றொன்றைக் கொண்டு சமாளித்தன. அடித்தளத்தில் வாழும் நர்ஸ் சுறாவோ, நாசி அடைபட்டதும் இரை பிடிப்பதையே விட்டுவிட்டது. நமது யூ சிச்சாக்கின் இனத்திலோ, முட்டைக்குள் இருக்கும் கருவே பகைவரின் மின்சாரத்தை உணர்ந்து செவுளசைவை நிறுத்தி, அசைவற்றுப் பதுங்குகிறது என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2013-இல் கண்டறிந்தனர்.

இரைதேடுவதற்கு அப்பாலும் நாசிக்கு வேலையுண்டு. கலிபோர்னியாக் கரையில் வாழும் சிறுத்தைச் சுறாக்கள் 26-ஐப் பிடித்து, கரையிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர் தொலைவில் கொண்டுபோய் விட்டுப் பார்த்த ஆராய்ச்சி 2016-இல் வெளிவந்தது. நாசி திறந்திருந்தவை நான்கு மணி நேரத்தில் சராசரி 62.6 விழுக்காடு தூரம் கரையை நெருங்கிவிட்டன. வாசலின் தோய்ந்த பஞ்சினால் நாசி அடைக்கப்பட்டவை, வளைந்து வளைந்து நீந்தி, 37.2 விழுக்காடே நெருங்கின. திசைகாட்டும் அடையாளம் ஏதுமற்ற ஆழ்கடலில், கரையின் வாசனையும் ஒரு வழித்துணையாகிறது என்பதை இது உணர்த்துகிறது.

சுறாவை ஈர்க்கும் வாசனை இருப்பது போலவே, விலக்கும் வாசனையும் உண்டு. அழுகிய சுறாவின் உடல் கிடக்கும் இடத்தை மற்றச் சுறாக்கள் தவிர்ப்பதைக் கண்டு, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர், அவ்வழுகலில் உண்டாகும் பொருளை ஒத்ததாகக் கருதிய செம்பு அசெட்டேட்டை மைச்சாயத்தோடு கலந்து, கடலில் விழும் வீரர்களுக்கு ரட்சையாகக் கொடுத்தனர். அம்மருந்து உறுதியான பலன் தரவில்லை. சுறா அழுகும் வாடையை நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவர். சுறாவின் சதையில் இயல்பாகவே யூரியா நிறைந்திருக்கிறது. அது செத்தபின் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக மாற்றுவதால்தான், கடைக்குப் போன பாட்டி முதலில் மீனை மூக்கருகே கொண்டுபோனதும், வீட்டில் மஞ்சளிட்டு வேகவைத்து, தோலுரித்து, நீரை ஒட்டப் பிழிந்தெடுத்த பின்பே புட்டுக்கு உதிர்த்ததும். இரசாயன சாஸ்திரம் படியாமலே கைவந்த ஞானம் அது.

நம்மவரில் சுறாவோடு நெருங்கி வாழ்ந்த கடலோர மக்களின் அனுபவமும் இங்கே நினைக்கத்தக்கது. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே ‘கடல்கட்டி’ எனப்பட்டவர்கள் இருந்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாகச் சென்றதைக் குறித்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட ஆங்கிலேயரும், குளிகாரர்களின் மனத்தைரியத்துக்காகக் கடல்கட்டிகளுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தனர். நூற்றுக்கணக்கானோர் நாள்தோறும் மூழ்கி எழுந்த அம்முத்துப் பார்களில் சுறாவினால் விபத்து மிக அரிதாகவே நேர்ந்தது என்பதையும், திரளான படகுகளின் ஆரவாரமே அதற்குக் காரணமாகலாம் என்பதையும் அக்காலத்தில் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட் பதிவு செய்திருக்கிறார். நம்மை முகர்ந்து தேடிவரும் எமனாகச் சுறா இருந்திருந்தால், எந்த மந்திரமும் அக்குளிகாரர்களைக் காத்திராது.

உண்மையில் அஞ்ச வேண்டிய நிலையில் இருப்பது சுறாவே. பெருங்கடற் சுறாக்களும் திருக்கைகளும் 1970-ஆம் ஆண்டிலிருந்து 71 விழுக்காடு குறைந்துவிட்டன என்று 2021-இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது; சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. பட்டினப்பாலை பாடப்பட்ட காலத்தில் பரதவர் நட்டு வணங்கிய சுறாக் கொம்புக்கு உரியதாகக் கருதப்படும் வேளா மீன், இன்று உலகக் கடல்களில் காண்பதற்கே அரிதாகிவிட்டது. மலேசிய அரசாங்கம் 1999-ஆம் ஆண்டின் விதிகளால் திமிங்கலச் சுறாவுக்கும் வேளா மீன்களுக்கும் பாதுகாப்பளித்து, 2019-இல் அப்பட்டியலில் சிறகுத்தலைக் கொம்பனையும் வேறு சில இனங்களையும் சேர்த்தது. சட்டம் பட்டியலிடலாம், சந்தையில் வாங்குபவர் மனம் வைத்தாலன்றி வலை இளகாது.

இக்கட்டுரையைப் படிக்கும் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் ஒரு வேண்டுகோள். சுறா, சிறு மீன்களை உண்டு நெடுங்காலம் வாழ்வதால், அச்சிறு மீன்களின் உடலிலுள்ள பாதரசமெல்லாம் அதன் சதையில் சேர்ந்துவிடுகிறது. கருவுற்றவர்களும் பாலூட்டுவோரும் சுறாவைத் தவிர்க்க வேண்டுமென்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே அறிவுறுத்துகிறது. யாருக்கு நன்மை என்று எண்ணி நாம் சுறாப்புட்டுச் சமைக்கிறோமோ, அவர்களுக்கே அது ஏற்றதன்று. அந்தப் பக்குவத்தில் அடங்கிய அன்பு மேலானது. அதை வேறு சிறு மீனைக் கொண்டும் காட்டலாம். அடுத்த முறை மீன் கடையில் சிறு சுறா ஒன்றைக் கண்டால், அதன் முகத்தின் அடியிலுள்ள அந்த இரண்டு துவாரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அவற்றின் கதையைச் சொல்லி, வாங்காமல் வாருங்கள்.